பிள்ளைக்காகப் பரிந்து பேசியவர்கள்

பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கட்டடத்தின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். அடிக்கல் நாட்டியது எந்த ஆண்டு, வகுப்பறைகள் எத்தனை, நன்கொடை நல்கியோர் யாவர் என்பன அவற்றில் நிறைந்திருக்கும். நம் மக்களின் கல்வி வரலாற்றை அம்முறையில் எழுத இயலாது. கட்டடம் எழுந்த பின்னும் அதன் வாசலுக்கு வெளியே நாம் நின்ற காலம் நெடிது. அவ்வாசலைத் திறக்கச் செய்தவர்கள், உள்ளே சென்ற பிள்ளை அழுதுகொண்டு திரும்பி ஓடிவராமல் பார்த்துக்கொண்டவர்கள், பெற்றோர் அச்சத்தால் விழுங்கிய சொல்லைத் தாம் எடுத்து அலுவலகத்தில் சொன்னவர்கள் ஆகியோரின் வரலாறே நமது கல்வி வரலாறு. வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது இப்பொருளையே தேர்ந்துகொண்டோம். மாணவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பரிந்து பேசும் ஏற்பாடு பள்ளிதோறும் வேண்டும் என்ற பேச்சு இந்நாளில் மிகுதியும் எழுகின்றது. அது நேற்று முளைத்த எண்ணம் அன்று.

பெற்றோர் தாமே பேசினால் ஆகாதா, இடையில் ஒருவர் எதற்கு என்று கேட்போர் உளர். தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்து எதிரே நிற்கும் தகப்பனாரைப் பார்த்தவர்க்கு இக்கேள்வி எழாது. அவர் வேலைக்குப் போகாமல் வந்திருக்கின்றார். அன்றைய கூலி போயிற்று. கையிலுள்ள தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பது அவருக்குத் தெரியாது. பிள்ளையை அடித்தவரும், நாளை அதே பிள்ளைக்கு மதிப்பெண் இடுபவரும் ஒருவரே என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். முற்காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பள்ளிக் குழுவின் தலைவராக அமர்ந்தவரே பெரும்பாலும் அவருக்கு வேலை கொடுத்த பண்ணையாராகவும் இருந்தார்.

இந்த முடிச்சை அரசாங்க ஏட்டில் தெளிவாக எழுதிவைத்தவர் செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர். 1891-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பு பள்ளிக்கூடத்தைப் பற்றியதன்று, நிலத்தைப் பற்றியது. சேரியில் குடியிருப்பவர்க்கு அவர் குடிசை நிற்கும் மனையும் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் மறுநாளே வெளியேற்றலாம் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். கல்வி பற்றி எழுதுகையில் நாம் இக்குறிப்பை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மனை இல்லாதவன் வாய் திறக்க இயலாது. மகனை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பியதற்காக வீடு போய்விடும் என்றால், எந்தத் தகப்பன் துணிவான்? நிலத்தைக் குறித்த கோரிக்கையும் கல்வியைக் குறித்த கோரிக்கையும் அக்காலத்தில் ஒன்றாகவே எழுந்தன. 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியிலிருந்து சென்ற அயோத்திதாசப் பண்டிதர் இலவசக் கல்வியையும் தரிசு நிலத்தையும் சேர்த்தே கேட்டார். 1893-ஆம் ஆண்டில் பஞ்சமர் கல்விக்கென அரசு தனி ஆணை பிறப்பித்தது. அதனைப் பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்றே பிற்காலத்தார் போற்றினர். ஆணை நல்ல ஆணைதான். ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமத்துப் பள்ளிவரை நடந்து செல்ல ஆள் வேண்டுமன்றோ?

அவ்வாண்டிலேயே ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசனார். இகழ்ச்சியாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் நெற்றியில் பொறித்த அவரது துணிவைப் பலரும் பாராட்டுவர். நமக்கு அவரிடம் மிகவும் நெருக்கமாகத் தோன்றுவது வேறொன்று. 1939-இல் வெளிவந்த தமது ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில், கோயம்புத்தூரில் பயின்ற நாட்களை அவர் நினைவுகூர்கின்றார். குலம் இன்னதென்று உடன் பயிலும் மாணவர் அறிந்துவிடுவர் என அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது அமர்ந்திருந்துவிட்டுப் பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு கலைந்ததும் எவரும் வந்து பேசுமுன் விரைந்து வீடு சேர்வாராம். அவர் பள்ளியில் சேர்க்கப்பட்டுத்தான் இருந்தார். பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. கட்டணமும் செலுத்தப்பட்டிருக்கும். எந்த அதிகாரி வந்து பார்த்திருந்தாலும் குறை ஒன்றும் கண்டிருக்கமாட்டார். விளையாட்டு நேரம் முழுவதும் மறைந்து திரிந்த பிள்ளையை எந்தப் பதிவேடு காட்டும்? சேர்க்கை வேறு, பள்ளிக்குள் வாழ்தல் வேறு. நாற்பதாண்டுகளாகச் சேர்க்கை எண்ணிக்கையை மட்டுமே அறிக்கைகளில் வாசித்துவரும் நாம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

1894-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றை ஒட்டி முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலுமாக ஐந்து பள்ளிகள் எழுந்தன; மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் இடப்பட்டது. இப்பள்ளிகளை மேற்பார்த்த கோர்ட்ரைட் அம்மையார் தம் அனுபவங்களை 1906-இல் ஒரு நூலாக எழுதினார். பிறர் கருணையால் நடந்த பள்ளிகள்தாமே என்று இவற்றை ஒதுக்குவோரும் உண்டு. இவையே எல்லாம் எனப் புகழ்வோரும் உண்டு. நாம் இரு கட்சியிலும் சேரோம். பிள்ளை வாழும் இடத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றது இவற்றின் சிறப்பு.

நம் மக்களிடையிருந்தே எழுந்த முயற்சிகளும் பல. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். விடுதி என்பது வெறும் சோறும் பாயும் அன்று. பண்ணை வேலைக்குப் பிள்ளையை இழுத்துச் செல்லும் கைகளுக்கு எட்டாத தொலைவு அது. சென்னையில் எல். சி. குருசாமி நடத்திய இரவுப் பள்ளிகள், பகலில் வேலைக்குச் செல்வோர்க்கும் எழுத்தறிவைக் கொண்டுசேர்த்தன. இவ்விருவரும் சட்டமன்றத்திலும் அமர்ந்தவர்கள். பள்ளியை நடத்தியவர்களே மன்றத்தில் பள்ளிக்காகப் பேசியதால் அவர்கள் பேச்சில் வெற்றுச் சொல் இல்லை.

இங்ஙனம் தனி மனிதர்கள் செய்துவந்த பணி, 1920-ஐ ஒட்டியே அரசின் அமைப்பாக உருப்பெற்றது. ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலம் பேணப் பாடிசன் என்னும் அதிகாரி 1919-இல் அமர்த்தப்பட்டு, அடுத்த ஆண்டில் தொழிலாளர் கமிஷனர் ஆனார். வீட்டுமனை பெற்றுத் தருதல், கிணறு வெட்டுதல், பள்ளி திறத்தல், உபகாரச் சம்பளம் வழங்குதல், கூட்டுறவுச் சங்கம் அமைத்தல் ஆகிய யாவும் அந்த ஒரே இலாகாவின் கையில் இருந்தன. இந்தச் சேர்க்கையை நாம் வியக்கின்றோம். பிள்ளை பள்ளிக்கு வரவில்லையென்றால் காரணம் வீட்டுமனைத் தகராறா, குடிநீரா, கடனா என்று பார்த்து ஓர் இலாகாவே தீர்வு தேட வழியிருந்தது. இன்று வருவாய்த்துறைக்கு ஒரு மனு, நலத்துறைக்கு ஒரு மனு, கல்வித்துறைக்கு ஒரு மனு என்று பெற்றோர் நடக்க வேண்டியிருக்கின்றது.

அதே காலத்தில் சென்னைச் சட்டமன்றத்தில் நம் குரல் கேட்கத் தொடங்கியது. ஆசிரியராகப் பணியாற்றிய எம். சி. ராஜா அம்மன்றத்தின் உறுப்பினரானார். பஞ்சமர் முதலிய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என வழங்க வேண்டும் என்ற தீர்மானம் 1922 சனவரியில் நிறைவேறி, மார்ச்சுத் திங்களில் அரசாணையாயிற்று. பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட வேண்டும் என்பதை நம்மவர் தீர்மானித்த முதல் தருணம் இது. 1924-இல் பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடங்கள் யாவர்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலையார் கொணர்ந்து நிறைவேற்றினார். இடம்தான் அன்று பெரிய தடை. அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டியும் ஊர்ச் சாவடியிலும் நடந்த பள்ளிக்கு, நம் பிள்ளை எந்தத் தெரு வழியே செல்வான்? பள்ளியில் சேர்க்கமாட்டோம் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை, தெருவே சொல்லிவிடும்.

தொழிலாளர் இலாகா திறந்த தனிப் பள்ளிகளைப் பற்றி நம்மிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அவை 1949-க்குப் பின் ஹரிஜன நலத்துறைப் பள்ளிகளாகி, பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எனப் பெயர் பெற்றன. இம்மலரின் வாசகர் பலரும் அவற்றில் பயின்றவர்களே. அப்பள்ளிகள் இல்லையேல் நம்முள் பலர் எழுத்தறியார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தனிப் பள்ளி எழுந்த ஊர்களில் பொதுப் பள்ளியின் நிருவாகத்தார்க்கு ஓர் எளிய விடை கிடைத்துவிட்டது: ‘உங்களுக்குத்தான் தனியே இருக்கின்றதே!’ வேண்டிய ஒன்றைப் பெற்றோம். அதன் விலையையும் கொடுத்தோம் என்பதே நம் கருத்து.

பசியைப் பற்றியும் ஒரு சொல். 1920 செப்டம்பரில் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது கணக்கு. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும், 1982-இல் எம். ஜி. ஆர். சத்துணவாக அதனை விரித்ததும், 2022-இல் காலை உணவு சேர்ந்ததும் அனைவரும் அறிந்தவை. விரிக்க வேண்டியதில்லை. ஆனால் சமைப்பவர் நம்மவர் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த பெற்றோரை இம்மாநிலம் கண்டிருக்கின்றது. ஆகவே உணவுக்கூடமும் பரிந்து பேச ஆள் வேண்டிய இடமே.

அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் அமர்ந்த 1942-ஆம் ஆண்டிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு விண்ணப்பம் அளித்தார். உயர்கல்விக்கான உதவித்தொகை அதில் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. அதன் பயனாகவே 1944-இல் மத்திய அரசின் உதவித்தொகை பிறந்தது. பின்னர் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், தீண்டாமை காரணமாகக் கல்விக்கூடத்தில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டம் 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. அது ஏட்டளவில் நின்ற நிலையை எல். இளையபெருமாள் தலைமையில் அமைந்த குழு நாடெங்கும் சுற்றி ஆராய்ந்து 1969-இல் அறிக்கை அளித்தது.

உரிமைகள் பெருகப் பெருக அவை தாள்களாக மாறின. இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். உதவித்தொகை வேண்டுமெனில் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் எண் ஆகியன வேண்டும். நான்கிலும் பெயர் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் ‘மு. செல்வி’, வங்கியில் ‘செல்வி முனுசாமி’, ஆதாரில் ‘முனியசாமி’. இம்மூவரும் ஒரே பெண்தான் என்பது ஆசிரியர்க்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மதம் என்ற பத்தியோ இன்னும் கூர்மையானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பின் வந்த திருத்தங்களுடன், இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாரை மட்டுமே பட்டியலில் கொள்கின்றது. பௌத்தர் சேர்க்கப்பட்டதும் 1990-இல்தான். ஐந்து வயதுப் பிள்ளையின் பெயர் ஜெபஸ்டின் என்பதைக் கேட்டு, எழுத்தர் எவரையும் வினவாமல் எழுதிவிடும் ஒரு சொல், பதினெட்டாம் வயதில் கல்லூரி வாசலில் வந்து நிற்கும். கிறித்தவ ஆதிதிராவிடர்க்கு மாநில அரசின் சலுகைகள் சில உண்டு என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்குப் பரிந்து பேசுதல் என்றால் மேடையில் முழங்குவது என எண்ணுவோர், சூன் மாதத்தில் ஒரு நாள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் அருகே அமர்ந்து பார்க்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் சில பிரிவுகளை நம் சங்கத்தார் மனனம் செய்தே வைத்துள்ளனர். வயதுச் சான்று இல்லை எனச் சேர்க்க மறுத்தல் கூடாது. மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும், அது வரத் தாமதமாயிற்று என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிவைத்தல் கூடாது. உடலையோ மனத்தையோ வருத்தும் தண்டனை கூடாது. முறையீடு எழுத்தில் வந்தால் உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் செங்கல் சூளைக்கு இடம்பெயர்ந்த குடும்பத்தின் ஐந்தாம் வகுப்பு மாணவிக்கு மாற்றுச் சான்றிதழ் தர ஒரு பள்ளி மறுத்தது. ஏதோ பாக்கி இருக்கின்றதாம். தந்தை மூன்று முறை சென்று திரும்பினார். நான்காம் முறை நம் சங்கத்தார் இருவர், அப்பிரிவின் தமிழ்ப் படியோடு உடன் சென்றனர். குரல் உயரவில்லை, அரை மணி நேரத்தில் சான்றிதழ் கையில் இருந்தது. புதிய பள்ளியில் அப்பிள்ளை கடைசி வரிசையில் தனியே அமர்த்தப்பட்டிருப்பதாகத் தாய் பின்னர்ச் சொன்னார். மீண்டும் சென்றனர். இரண்டாம் முறை சென்றதுதான் நம் பார்வையில் பெரிய காரியம்.

அச்சட்டத்தின் இருபத்தொன்றாம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கின்றது. நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுப் பெற்றோர்க்கு உரிய விகிதத்தில் இடம். பெற்றோரைப் பள்ளியோடு இணைக்கும் எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக விளங்கிய நாளில், 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊரார் கைப்பொருளைப் பள்ளிக்கு ஈர்த்தன. அவை செய்த நன்மை பெரிது. எனினும் கொடுப்பவர் சொல் ஏறும் என்பது உலக இயல்பு. கொடுக்க இயலாத பெற்றோரின் இருக்கை பின்வரிசைக்குப் போயிற்று. மேலாண்மைக் குழு அப்படியன்று. அதில் அமர்வதற்குப் பணம் தகுதியில்லை, பிள்ளை அப்பள்ளியில் பயில்வதே தகுதி. தமிழகத்தில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது நம் தாய்மார் பலர் உறுப்பினராயினர். சில ஊர்களில் அவர்கள் பேசுகின்றனர். சில ஊர்களில் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வருகின்றது. கையெழுத்து மட்டும் திரும்பிச் செல்கின்றது. அப்படி அனுப்பும் தலைமையாசிரியர்கள் நம் தொழில் தோழர்களே. ஆயினும் இதனைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் பயிலும் மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். பள்ளியில் நேர்ந்த துன்பத்தை அம்மாணவர் வெளியே சொன்னதன்பின் நிகழ்ந்தது அது. முறையிட்ட பிள்ளைக்கு அன்றிரவு யார் காவல் என்ற கேள்வி அதிலே அடங்கியிருக்கின்றது. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குதல், மாணவர் வண்ணக் கயிறு அணிவதைத் தடுத்தல் ஆகியவற்றோடு, 500 மாணவர்க்கு மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. நூற்றாண்டுக்கு முன் தொழிலாளர் இலாகாவின் வாயிலாக நடந்ததைப் பள்ளிக்குள்ளேயே கொணர்வது இது எனக் கருதுகின்றோம், மனமார வரவேற்கின்றோம். ஆயின் எண்ணிக்கைதான் உறுத்துகின்றது. 60 பிள்ளைகள் பயிலும் சிற்றூர்ப் பள்ளியில், ஊரும் சேரியும் ஒரே வகுப்பறையில் அமரும் இடத்தில், ஓர் ஆசிரியரின் ஒரு சொல்லே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடும். அங்கே எவர் வருவார்?

அத்தகைய பள்ளிகளுக்குச் சங்கங்கள்தாம் துணை. பள்ளியோடு பகைத்துக்கொண்டு செய்யும் பணியன்று இது. தலைமையாசிரியர்க்குச் செய்தி சொல்லி, அவர் அறிய நடக்க வேண்டும். ஆனால் அதே பள்ளி ஆசிரியர் ஒருவர் இதற்குத் தலைவராதல் ஆகாது. நல்லவராயினும் தம் உடன் பணியாற்றுவோரை எதிர்த்து எழுத அவர் கை தயங்கும். இருவர் தேவை. ஒருவர் குடும்பத்தை அறிந்தவர், ஒருவர் விதியை அறிந்தவர். முன்னவர் பெண்ணாயிருத்தல் நலம். பருவமடைந்த பெண்ணின் வருகை ஏன் குறைந்தது என்பதை எந்தத் தாயும் ஆடவரிடம் சொல்லார். கூட்டம் பள்ளி நேரத்தில் வைத்தல் கூடாது. வேலை முடிந்து விளக்கேற்றிய பின், தெருவிலேயே கூடுதல் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது ஒரு பதிவேடு: முறையீடு வந்த நாள், சென்று பார்த்த நாள், கிடைத்த விடை, ஒரு திங்கள் கழித்து மீண்டும் பார்த்த நாள் என நான்கு பத்திகள் போதும். நான்காம் பத்தி வெறுமையாயிருந்தால் முதல் மூன்றும் பயனில.

நம் சங்க நூலகத்தில் அத்தகைய பதிவேடு வைக்கப்பட்டுள்ளது. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு மேல் இருவர் அங்கே அமர்கின்றனர். வரும் கல்வியாண்டில் நம் வட்டாரத் தொடக்கப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாய்மார் வேண்டும். மேலாண்மைக் குழுவில் உறுப்பினராயிருப்போர்க்கு முதலிடம். சான்றிதழ் எழுதப் பழக்குவதற்குச் சித்திரை விடுமுறையில் நான்கு நாள் பயிற்சி நடைபெறும். எழுதப் படிக்கத் தெரியாதோரும் வரலாம், அவர்களுக்கு உதவியாக எட்டாம் வகுப்பு மாணவியர் அருகில் இருப்பர். பெயர் கொடுக்க விரும்புவோர் நூலகத்துக்கு வந்து பதிவு செய்துகொள்ளலாம்.